முன்னால் நடக்கும் வேலை

என் வீட்டுக்காரருக்கு வேறொருத்தியோடு தொடுப்பு இருக்கிறது என்றுதான் நான் முதலில் நினைத்தேன். நினைக்கக் காரணமும் இருந்தது. ரப்பர் பால் எடுக்கும் பால்மரத் தோட்டத்தில் மழை பெய்து மரப்பட்டை நனைந்துவிட்டால் அன்று வேலை கிடையாது. விடியற்காலையில் ஆட்களைக் கூட்டிக் கணக்கெடுக்கும் பெரட்டிலேயே வேலையை மேற்பார்க்கும் மண்டோர் கையை விரித்துவிடுவார். மற்ற ஆண்கள் வரிசை வீடுகளான லயத்துக்குத் திரும்பி இழுத்துப் போர்த்திக்கொண்டு படுப்பார்கள். இவர் மட்டும் முகம் கழுவி, தலை வாரி, சைக்கிளை எடுத்துக்கொண்டு குவாலா சிலாங்கூர் டவுன் பக்கம் போய்விடுவார். எங்கே என்று கேட்டால், "சும்மாத்தான்" என்பார். மழை நாளில் தலை வாரிக்கொண்டு சும்மா போகிற ஆம்பிளையை எந்தப் பெண்டாட்டி நம்புவாள்?

ஒரு டிசம்பர் மாதக் காலையில் நானும் கிளம்பினேன். எங்கள் தோட்டம் ஜெராமுக்குக் கொஞ்சம் வடக்கே இருந்தது. பெரிய ரோட்டுக்கு நடந்து வந்து பஸ் ஏறினேன். பாதி வழியில் பஸ் அவருடைய சைக்கிளை முந்தியது. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சீட்டில் குனிந்துகொண்டேன். டவுனில் இறங்கி ஒரு கடை ஓரம் ஒளிந்து நின்று, அவர் வந்ததும் பின்னாலேயே நடந்தேன். அவளைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டு என்னென்ன கேட்க வேண்டும் என்று வரிசையாக மனதில் அடுக்கி வைத்திருந்தேன்.

அவர் கலங்கரை விளக்கம் இருக்கிற மலையைச் சுற்றிக்கொண்டு அடிவாரத்துக்குப் போனார். அங்கே கடல் தண்ணீர் உள்ளே வராமல் இருக்க ஒரு நீள மண்கரை போட்டிருந்தார்கள். கரைக்கு அந்தப் பக்கம் சேற்றுக்காடு, இந்தப் பக்கம் தேங்கிய தண்ணீர். சைக்கிளைச் சாய்த்துவிட்டு, ஒரு பிளாஸ்டிக் தாளைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, தூறலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். நான் கால் மணி நேரம் பார்த்தேன். ஒருத்தியும் வரவில்லை. கோபம் தாங்காமல் போய்ப் பின்னால் நின்று, "எங்க அவ?" என்றேன்.

அவர் திடுக்கிடவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"சத்தம் போடாத புள்ள. பறந்துரும்."

அப்போதுதான் தண்ணீரைப் பார்த்தேன். முப்பது நாற்பது வெள்ளை நாரைகள் முழங்கால் ஆழத்தில் நின்றிருந்தன. மஞ்சள் அலகு, இறக்கை ஓரத்தில் கறுப்பு. ஒன்றும் அசையவில்லை. மழைத்துளி விழுந்து தண்ணீர் முழுவதும் புள்ளி புள்ளியாக இருந்தது. அதற்கு நடுவே அவை நின்ற நிலையைப் பார்த்தபோது எனக்கு அடுக்கி வைத்த கேள்வி எல்லாம் மறந்துபோயிற்று. எத்தனை வருஷமாக இந்த ஊர் பஸ்ஸில் போய் வருகிறேன்! கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இப்படி ஒன்று இருப்பது எனக்குத் தெரியாமல் போனதே என்று வெட்கமாக இருந்தது.

அவருக்கு எந்தப் பறவையின் பெயரும் தெரியாது. அவராகவே பெயர் வைத்திருந்தார். வழுக்கைத் தலையோடு தோளைக் குறுக்கி நிற்கும் பெரிய கறுப்பு நாரைக்குப் பெயர் கிராணி. ஆபீஸில் கணக்கு எழுதும் எங்கள் தோட்டத்துக் கிராணி அப்படித்தான் நிற்பார். சேற்றின் ஓரத்தில் குறுகுறுவென்று ஓடும் சின்னஞ்சிறு குருவிகளுக்குப் பெரட்டுக்குப் பிந்தினவை என்று பெயர். அவை இங்கே பிறந்தவை இல்லை, மழைக்காலத்துக்கு முன்னால் வந்து இறங்கி, சித்திரை பிறக்கும்போது காணாமல் போய்விடும் என்றார். யார் சொன்னார்கள் என்று கேட்டேன். யாரும் சொல்லவில்லையாம், நாலு வருஷமாகப் பார்க்கிறாராம். சண்டை போடப் போன நான் அன்றிலிருந்து அடுத்த மழை எப்போது வரும் என்று வானத்தைப் பார்க்க ஆரம்பித்தேன்.

அவருடைய கண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். பால் வெட்டுகிறவர்களுக்கு அரை இருட்டு பழக்கம். நெற்றி விளக்கு வெளிச்சத்தில் மரத்துக்கு மரம் போய், பட்டையில் ஒரு நூல் கனத்துக்குச் சீவ வேண்டும். கொஞ்சம் ஆழம் போனால் மரம் புண்ணாகிவிடும். நானும் அந்த வேலை செய்தவள்தான். ஆனால் எனக்குத் தெரிந்தது மரமும் பால் வடியும் கோப்பையும் மட்டும். அவர் அதே மர நிரையில் நடந்துகொண்டே எந்த மரத்தில் எது உட்கார்ந்திருக்கிறது, எது நேற்று இல்லை என்று தெரிந்து வைத்திருப்பார். காய்ந்த சருகில் கால் வைத்தாலும் சத்தம் வராது. இத்தனைக்கும் மனிதர்களோடு நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசத் தெரியாது. கல்யாண வீட்டில்கூட ஓரமாக வாழைமரத்தோடு நிற்கிற ஆள்.

எண்பதுகளின் கடைசியில் அந்தச் சேற்றுக்காட்டையும் கரையையும் சேர்த்து ஒரு பூங்காவாகத் திறந்தார்கள். வருகிறவர்கள் தங்கச் சின்னச் சின்ன மரக்குடில்கள் கட்டினார்கள். அவற்றைக் கூட்டித் துடைக்க வாரத்தில் மூன்று நாளைக்கு ஆள் கேட்டார்கள், நான் போய்ச் சேர்ந்தேன். அந்த வருஷம்தான் எங்கள் தோட்டத்தில் பால்மரங்களைச் சாய்த்துவிட்டு, எண்ணெய் எடுக்கும் செம்பனை போடப் போவதாகச் சொன்னார்கள். செம்பனைக் குலையை நீளக் கம்பில் கட்டிய அரிவாளால் அண்ணாந்து வெட்ட வேண்டும். சைக்கிளிலிருந்து விழுந்து தோள்பட்டை இறங்கிய இவரால் அது ஆகாது. தோட்டத்தில் வேலை இல்லை என்றால் லயத்தில் வீடும் இல்லை. தைப்பூசத்துக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். இரண்டு பிள்ளைகளும் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தார்கள். கிள்ளானில் என் சித்தப்பா வீட்டு முன்னறையில் போய் ஒண்டுவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பூங்காவில் இன்னோர் ஆள் எடுக்கப்போகிறார்கள் என்று காதில் விழுந்தது. வருகிறவர்களை அழைத்துப்போய்ப் பறவை காட்டுகிற வேலை. முழு நேர வேலை, வாசல் பக்கத்தில் பலகை வீடும் உண்டு. நான் கையில் இருந்த துடைப்பத்தோடு அப்படியே போய் அதிகாரி முன் நின்றேன். அவர் மலாய்க்காரர், எங்களை விட வயதில் சின்னவர், அதட்டிப் பேசத் தெரியாத மனிதர். என் புருஷனைப் போல் பறவை பார்க்கிற ஆள் இந்தச் சிலாங்கூரிலேயே கிடையாது என்று மலாயில் அடித்துச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டார். சனிக்கிழமை காலை அவரை வரச் சொல்லுங்கள், குடிலில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி தங்கியிருக்கிறார்கள், அந்த அம்மா ஒரே ஒரு பறவையைப் பார்க்க ஆசைப்பட்டு வந்திருக்கிறார், உங்கள் புருஷன் காட்டட்டும், நானும் கூட வந்து பார்க்கிறேன் என்றார். என்னையும் தேநீர்க் கூடையைத் தூக்கிக்கொண்டு வரச் சொன்னார்.

அந்த அம்மா தேடிய பறவை எனக்குத் தெரியும். மைனா அளவு இருக்கும். பச்சை முதுகு, பளீரென்ற நீல இறக்கை, வாலுக்கு அடியில் ரத்தச் சிவப்பு. இத்தனை நிறத்தையும் வைத்துக்கொண்டு அது மரத்தில் உட்காராது. சேற்றுக்காட்டு இருட்டில் தரையிலேயே தத்திக்கொண்டிருக்கும், அந்த மாதத்தில் வாயும் திறக்காது. இவர் அதை ஆறேழு முறை பார்த்திருந்தார். அதனால் எனக்கு வேலை கையில் வந்துவிட்ட மாதிரிதான். வெள்ளிக்கிழமையே அந்தப் பலகை வீட்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து அடுப்பை எங்கே வைப்பது என்று முடிவு செய்துவிட்டேன்.

சனிக்கிழமை விடியும்போது நல்ல குளிர். மூன்று நாள் மழை அப்போதுதான் விட்டிருந்தது. கடல் காற்று காதுக்குள் போனது. நான் இரண்டு சட்டை போட்டு அதற்கு மேல் ஸ்வெட்டர் போட்டிருந்தேன், இவர் தலையில் துண்டைச் சுற்றியிருந்தார். வெள்ளைக்காரர் அரைக்கால் சட்டையோடு வந்தார். ஆறடிக்கு மேல் உயரம், பெரிய பூட்ஸ். அந்த அம்மா கழுத்தில் தூரக்கண்ணாடி, கையில் நோட்டுப்புத்தகம். என் ஸ்வெட்டரைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தார். அவர்கள் ஊர்க் குளிரைத் தாங்காமல் ஓடிவந்த குருவிகளைப் பார்க்க அவர்களும் பின்னாலேயே வந்திருக்கிறார்கள் என்று நினைத்தபோது எனக்கும் சிரிப்பு வந்தது.

அதிகாரி இவரிடம், "நீங்க முன்னால நடங்க" என்றார். நடந்தார். பத்து அடிதான். பின்னால் பூட்ஸ் சத்தம் நெருங்கியதும், சட்டென்று புல்லில் ஒதுங்கி, தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். வெள்ளைக்காரர் ஒன்றும் புரியாமல் அவரைத் தாண்டிப் போனார். அதிகாரி மறுபடி முன்னால் அனுப்பினார். மறுபடியும் அதே கதை. மூன்றாவது முறை ஒதுங்க இடமில்லாமல் ஒரு கால் வாய்க்காலுக்குள் போய்விட்டது.

எனக்கு அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. இவர் வளர்ந்த தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரை இருந்த காலம். துரை வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும், தலைத்துண்டை எடுக்க வேண்டும், ஓரம் கட்ட வேண்டும். துரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு முன்னால் நடக்கக் கூடாது. கேட்டால் ஒழிய வாய் திறக்கக் கூடாது. துரை எதிரில் விரல் நீட்டிப் பேசியவனை வேலையை விட்டே நிறுத்தியிருக்கிறார்கள். அந்தத் துரைமார் எல்லாம் கப்பலேறி எத்தனையோ வருஷமாயிற்று. அதன் பிறகு நம்மவர்கள் எத்தனையோ பேர் மேனேஜராக வந்து போனார்கள். இத்தனைக்குப் பிறகும் இந்த மனுஷன் உடம்பில் அது ஊறிக்கிடந்திருக்கிறது. பறவை காட்டத் தெரியுமா என்று மட்டும் யோசித்த எனக்கு இது தோன்றவே இல்லை.

கடைசியில் நடந்த வரிசை இதுதான்: முதலில் வெள்ளைக்காரர், அவருக்குப் பின்னால் அந்த அம்மா, அப்புறம் அதிகாரி, அவருக்கும் பின்னால் இவர், எல்லாருக்கும் பின்னால் கூடையோடு நான். பூட்ஸ் சத்தத்துக்கு எல்லாம் பறந்தன. இவர் ஒவ்வொன்றையும் பார்த்தார். எனக்குத் தெரியும், எதையாவது கண்டால் அவர் மூச்சை நிறுத்திவிடுவார், தோள் ஏறி நிற்கும். மீன்கொத்தி ஒன்று கிளையில் இருந்தது, தோள் ஏறியது, வாய் திறக்கவில்லை. சாம்பல் நாரை, செம்பருந்து, செண்பகம், அதற்கும் அப்படித்தான். ஒன்றரை மணி நேரத்தில் அந்த அம்மா நோட்டில் எழுதியது இரண்டு வரி. அதிகாரி முகத்தில் இருந்த சிரிப்பு மெல்லக் கழன்றுவிட்டது. நான் மனதுக்குள் அடுப்பை எடுத்துக்கொண்டு கிள்ளானுக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

மறைந்திருந்து பறவை பார்க்கக் கட்டிய பார்வைக்குடிலில் உட்கார்ந்து தேநீர் ஊற்றினேன். அதிகாரி இவரை ஓரமாக அழைத்து மெதுவாகக் கேட்டார்.

"ஏதாவது பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"பின்ன ஏன் காட்டல?"

இவர் தலையைக் குனிந்துகொண்டார். கோபமே இல்லாத அந்தக் கேள்வியைக் கேட்டபோது எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. கோப்பையை வாங்குவது போலப் பக்கத்தில் போய்ப் பல்லைக் கடித்துக்கொண்டு பேசினேன்.

"என்னங்க இது? வாயில என்ன கொழுக்கட்டையா? பிள்ளைங்கள எங்க கொண்டு போய் வைக்கிறது?"

"தொர மூஞ்சிக்கு முன்னால வெரல நீட்டச் சொல்றியா?"

"எனக்குக் காட்டுவீங்கள்ல?"

"ஒனக்குன்னா காட்டுவேன். நீ என்ன தொரையா?"

அவ்வளவுதான். நான் கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். வெள்ளைக்காரர் எழுந்து பூட்ஸை மண்ணில் உதறிக்கொண்டிருந்தார். அவரைத் தாண்டி, அதிகாரியைத் தாண்டி, சேற்றுக்காட்டுக்குள் போகும் பலகைப் பாதையில் நான் முதல் ஆளாக ஏறினேன். திரும்பி, "வாங்க, எனக்குக் காட்டுங்க" என்று தமிழில் கத்தினேன். துரைக்கு முன்னால் நடப்பது தப்புதான். ஆனால் பெண்டாட்டியைத் தனியாகக் காட்டுக்குள் விடுவது அதைவிடப் பெரிய தப்பு. பாவம், இரண்டுக்கும் நடுவே ஒரு நிமிஷம் திண்டாடிவிட்டு, துரைக்கு ஒரு கும்பிடு போட்டு, ஓடி வந்து என் பின்னால் சேர்ந்துகொண்டார். மற்ற மூன்று பேரும் எங்களுக்குப் பின்னால் வந்தார்கள்.

உள்ளே அரை இருட்டு. சேற்றுக்குள் வாழும் ஒருவகை இறால் தள்ளிய மண்மேடுகள் இரண்டு பக்கமும் இடுப்பு உயரத்துக்கு நின்றன. ஈரவாடையும் குளிரும் ஏறிக்கொண்டு வந்தன. அவருக்கு அது பால்மர நிரை மாதிரிதான் இருந்திருக்க வேண்டும். நடை மாறிவிட்டது. என் காதோரம் குனிந்து கிசுகிசுக்க ஆரம்பித்தார். "மேல, இடது பக்கம், பட்டுப்போன கெள." மரங்கொத்தி. "தண்ணி ஓரம், வேருக்குக் கீழ." நீல மீன்கொத்தி, வாயில் நண்டோடு. நான் பார்த்த இடத்தை அந்த அம்மா பார்த்தார், அம்மா பார்த்த இடத்தை வெள்ளைக்காரர் பார்த்தார். பூட்ஸ் சத்தமும் அடங்கிவிட்டது. பின்னால் பென்சில் காகிதத்தில் ஓடும் ஓசை கேட்டது. எனக்கு இந்த மனுஷனை நினைத்துப் பெருமை பொங்கிக்கொண்டு வந்தது.

அப்புறம் அவர் மூச்சு நின்றது. நானும் நின்றேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை, சேறும் வேரும்தான். "எங்க?" என்று உதட்டை மட்டும் அசைத்தேன். அவர் பேசவில்லை. பேசினால் போய்விடும் தூரத்தில் இருந்தது போல. நாலு பேருக்கு முன்னால் என் கையைக்கூடப் பிடித்திராத அந்த மனிதர், இரண்டு உள்ளங்கையாலும் என் தலையைப் பிடித்து, மெதுவாகத் திருப்பி, கொஞ்சம் தாழ்த்தி, அப்படியே நிறுத்தினார்.

இரண்டு மண்மேடுகளுக்கு நடுவே, பத்தடி தள்ளி, அது நின்றிருந்தது. சருகைப் புரட்டியது. ஒரு தத்து தத்தியது. இறக்கை கொஞ்சம் விரிந்தபோது அந்த இருட்டில் அவ்வளவு நீலம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. அந்த அம்மா சத்தமில்லாமல் வந்து தன் கன்னத்தை என் கன்னத்தோடு ஒட்டி வைத்துக்கொண்டார், என் பார்வை போகும் வழியிலேயே பார்க்க. கன்னம் ஜில்லென்று இருந்தது. பார்த்துவிட்டார் என்பது அவர் மூச்சிலேயே தெரிந்தது. எத்தனை நேரம் அப்படி நின்றோமோ. அது தானாக வேருக்குப் பின்னால் போனபோது அந்த அம்மா அழுதுகொண்டிருந்தார். வெள்ளைக்காரர் முன்னால் வந்து இவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். இவர் அதற்குள் தலைத்துண்டை அவிழ்த்துவிட்டார்.

அலுவலகத்துக்கு வந்ததும் அதிகாரி எங்கள் இருவரையும் உட்காரச் சொன்னார். இவர் உட்காரவில்லை. அதிகாரி மேஜையைப் பார்த்துக்கொண்டே பேசினார். இப்படி ஒரு கண்ணைத் தாம் பார்த்ததில்லை என்றார். ஆனால் வருகிறவர்களில் பாதிப் பேர் வெள்ளைக்காரர்கள், இந்த வேலைக்கு முன்னால் நடக்கிற ஆள் வேண்டும், இன்று முன்னால் நடந்தது நீங்கள்தான், உங்கள் பெயரில் எழுதட்டுமா என்று என்னைக் கேட்டார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது, கண்ணு அவரோடது" என்று நான் எழுந்துவிட்டேன். மூளை சூடாகிவிட்டது. பக்கத்துத் தோட்டம் வரைக்கும் தெரியும், பெண்டாட்டிக்குப் புருஷன் வேலை போய்ச் சேர்ந்தது என்று சிரிப்பார்கள். என்னைப் பார்த்துச் சிரித்தால் சிரிக்கட்டும், இவரைப் பார்த்து யாரும் சிரிக்கக் கூடாது.

அப்போது இவர் பேசினார். நிமிர்ந்து, அதிகாரியின் முகத்தைப் பார்த்து, மலாயில், நிறுத்தாமல் பேசினார். கல்யாணமான நாளிலிருந்து அவர் சேர்ந்தாற்போல் அத்தனை வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

"இவ பேருல எழுதுங்க. இவ செய்யற கூட்டற வேலய எனக்குக் குடுங்க. நான் அஞ்சு மணிக்கே வந்து கூட்டி முடிச்சிருவேன். அப்புறம் இவகூட நடந்தா யாரும் வேணாம்னு சொல்ல மாட்டாங்கள்ல?"

அதிகாரி பேனாவை எடுத்தார். யாரும் சொல்ல மாட்டார்கள் என்றார்.

பஸ் நிறுத்தத்தில் நான் மூக்கைச் சிந்திக்கொண்டு சண்டை பிடித்தேன். இத்தனை வருஷம் மழையில் உட்கார்ந்து பார்த்தது யார், பெயரைத் தூக்கி யாருக்குக் கொடுப்பது என்று கேட்டேன். அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பேரு கெடக்கு லா" என்றார். "தொர பின்னால வந்தா எனக்குக் கண்ணே தெரிய மாட்டேங்குது. முன்னால நீ போனா எல்லாம் தெரியுது."

தைப்பூசத்துக்கு முன் வாரம் பலகை வீட்டுக்குக் குடிவந்தோம். வழிகாட்டி என்று எழுதிய பட்டையை என் சட்டையில்தான் குத்தினார்கள். அவர் ஆறரைக்குள் குடில்களைக் கூட்டிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து என் பின்னால் நிற்பார். பார்வைக்குடிலில் வருகிறவர்கள் எழுதும் புத்தகம் ஒன்று கட்டித் தொங்கவிட்டிருந்தது. இந்த அம்மாவின் கண்ணைப் போல் ஒரு கண் கிடையாது என்று எத்தனையோ பேர் அதில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். பிள்ளைகள் அதை வாசித்துக் காட்டும்போதெல்லாம் அவர் தலையாட்டிச் சிரிப்பார். நான் முதலில் கண்டேன் என்று சொல்லிக்கொள்ள, இத்தனை வருஷத்தில் எனக்கு ஒரு பறவைகூடக் கிடையாது.